நுண்ணோக்கிகளும் தொழிற்சாலைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



நமது கழகத்தின் வெள்ளி விழாவில் அறிவியல் பற்றியும் ஓர் உரை இடம்பெற வேண்டும் என்று விழாக் குழுவினர் விரும்பினர். அறிவியல் என்றதும் விண்வெளியையும் அணுவையும் பற்றிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நாம் அவ்வளவு தொலைவு செல்லப் போவதில்லை. தோல் பதனிடும் சாலையிலும், நூற்பாலையிலும், வார்ப்படச் சாலையிலும், சிமென்டு ஆலையிலும் ஒரு மூலையில் கதவு சாத்திய சிறு அறை ஒன்று இருக்கும். அதன் வாயிலில் 'ஆய்வுக்கூடம்' என்றோ 'தரக் கட்டுப்பாடு' என்றோ எழுதியிருக்கும். இத்தகைய ஆலைகளில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் நம் குடும்பங்களில் பலர். அந்தச் சிறு அறைக்குள் அமர்ந்து வேலை பார்த்தவர்கள் சிலரே. அங்கே மேசைமீது இருக்கும் ஒரு கருவியைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றோம். அதுதான் நுண்ணோக்கி. பள்ளியில் வெங்காயத் தோலை ஒருமுறை பார்த்ததோடு நம்மில் பலர் அதனிடம் விடைபெற்றுக் கொண்டோம். நாம் செய்யும் பொருளையும், நாம் உள்ளிழுக்கும் காற்றையும் அளந்து தீர்ப்புச் சொல்லும் கருவி அது என்பதை நம் ஆசிரியர்கள் சொல்லித் தரவில்லை.

முதலில் அளவை ஒன்றை மனத்திற் கொள்வோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் ஒரு கூறுக்கு மைக்ரான் என்று பெயர். தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் பருமன் உடையது. பஞ்சு இழையின் அகலம் 12 முதல் 20 மைக்ரான் வரை. தனித்து நிற்கும் மயிரைக் கண் கண்டுவிடும். ஆனால் 100 மைக்ரானுக்கும் குறைந்த இடைவெளியில் நெருங்கி நிற்கும் இரு புள்ளிகளைப் பிரித்துக் காண வெறுங்கண்ணால் இயலாது. தோலும் துணியும் இரும்பும் நல்லனவா தீயனவா என்பது பெரும்பாலும் அந்த எல்லைக்கு உட்பட்ட நுண்மையிலேதான் முடிவாகின்றது.

இக்கருவியின் வரலாற்றில் நாம் முதலில் நினைக்க வேண்டியவர் ஒரு துணி வணிகர். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் 1632-இல் பிறந்த லீவன்ஹூக், பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தவர் அல்லர். அக்காலத்துக் கற்றோர் மொழியாகிய லத்தீனும் அவருக்குத் தெரியாது. துணியின் நூலை ஒற்றை வில்லையால் உருப்பெருக்கிப் பார்ப்பது அவர் தொழிலின் வழக்கம். அதிலிருந்து தொடங்கி, வில்லைகளைத் தாமே தேய்த்துச் செய்யக் கற்று, ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டும் வில்லை வரை முன்னேறினார். குளத்து நீரிலும் பல் அழுக்கிலும் உயிர்கள் நீந்துவதைக் கண்டு, 1673 முதல் இலண்டன் ராயல் சொசைட்டிக்குத் தம் தாய்மொழியிலேயே கடிதங்கள் எழுதினார். அச்சங்கம் 1680-இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. லத்தீன் அறியாதவர் எழுதியது என்று அக்கடிதங்களை அவர்கள் ஒதுக்கியிருந்தால் இழப்பு யாருக்கு என்பதை எண்ணிப் பாருங்கள். அன்று அவர் பிடித்த வில்லையின் உறவினர் இன்றும் நம் நெசவுக் கூடங்களில் இருக்கின்றார். பிக் கிளாஸ் என்று சொல்கின்றோமே, அதுதான். மடக்கி விரிக்கும் அச்சிறு கண்ணாடியைத் துணிமேல் வைத்து, ஓர் அங்குலத்தில் பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனை என்று எண்ணுகின்றோம்.

லீவன்ஹூக்கின் கருவியில் இருந்தது ஒரே வில்லை. இன்று ஆய்வுக்கூடங்களில் காண்பது கூட்டு நுண்ணோக்கி. பொருளுக்கு அருகில் ஒரு வில்லைத் தொகுதியும் கண்ணுக்கு அருகில் மற்றொரு தொகுதியும் அதில் உள்ளன. முன்னது 40 மடங்கும் பின்னது 10 மடங்கும் பெருக்கினால் நாம் காண்பது 400 மடங்கு. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் எதையும் கண்டுவிடலாமே என்று தோன்றும். அது இயலாது என்று 1873-இல் கணக்கிட்டுக் காட்டியவர் எர்ன்ஸ்ட் அப்பே என்னும் ஜெர்மானிய அறிஞர். ஒளி அலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் நெருங்கிய இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது; அந்த எல்லை ஏறக்குறைய 0.2 மைக்ரான். அதற்கு மேல் பெருக்கினால் மங்கலே பெரிதாகும்.

இந்த அப்பே யார் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். ஐசனாக் நகரில் 1840-இல் பிறந்தார். தந்தை நூற்பாலைத் தொழிலாளி. நாளொன்றுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் நின்றபடி உழைத்தவர். ஆலைக்குத் தந்தையின் பகலுணவைச் சுமந்து சென்ற சிறுவன் அப்பே. தந்தை இயந்திரத்தில் சாய்ந்தவாறே அவசரமாக உண்டதைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கின்றார். ஆலை முதலாளியின் பொருளுதவியும் கிடைக்கப்பெற்றுப் படித்தார். யேனா நகரில் கார்ல் ஸைஸ் என்பவரின் கருவிப் பட்டறையில் 1866 முதல் பணியாற்றினார். அதுவரை வில்லைகளைத் தேய்த்துப் பார்த்து, சரிப்படாவிட்டால் மீண்டும் தேய்த்தே நுண்ணோக்கி செய்துவந்தனர். கணக்கிட்டுச் செய்யும் முறையை அவர் ஏற்படுத்தினார். ஸைஸ் மறைந்தபின் 1889-இல் அந்நிறுவனத்தை அறக்கட்டளையாக மாற்றத் தொடங்கினார். 1896-இல் வகுத்த அதன் விதிகளில், பிறப்பையும் சமயத்தையும் கட்சியையும் பாராமல் பணியாளரைக் கொள்ள வேண்டும் என்று எழுதிவைத்தார். 1900-இல் அங்கே எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. ஒளியியல் நூல்களில் அப்பேயின் சூத்திரம் இருக்கும், இச்செய்தி இருப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது எம் கருத்து.

இனி, நுண்ணோக்கிகள் தொழிலில் எவ்வாறு பயன்படுகின்றன என்று காண்போம். நமக்கு அறிமுகமான தோலிலிருந்தே தொடங்குவோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, ஈரோடு, திண்டுக்கல் முதலிய ஊர்களின் தோல் தொழிலைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சாதி நம் முன்னோர் மீது சுமத்திய வேலைகளில் ஒன்று அது. ஆகவே அதனை மரபுப் பெருமை என்று கொண்டாட எமக்கு விருப்பமில்லை. ஆனால் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலை விரலால் அழுத்தி, இன்னும் ஒருநாள் ஊறட்டும் என்று சொன்னவரிடம் இருந்தது அறிவு அன்றி வேறென்ன? அந்த விரல் அறிந்ததையே நுண்ணோக்கி கண்ணுக்குக் காட்டுகின்றது.

தோலின் மேற்பரப்பைக் காண உதவுவது ஸ்டீரியோ நுண்ணோக்கி. இரு கண்களுக்கும் தனித்தனி ஒளிப்பாதை உள்ளது; எனவே மேடு பள்ளங்கள் உருண்டு திரண்டு தெரியும். பெருக்கம் குறைவே, பெரும்பாலும் பத்து முதல் ஐம்பது மடங்கு வரை. அதுவே இவ்வேலைக்குப் போதும். மயிர் நீங்கிய தோலில் மயிர்க்கால்கள் நிற்கும் ஒழுங்கைக் கண்டு அது எவ்விலங்கின் தோல் என்று கூறிவிடலாம். மாட்டுத் தோலில் ஏறக்குறைய ஒரே அளவுள்ள துளைகள் பரவலாக நிற்கும். வெள்ளாட்டுத் தோலில் பெரிய துளைகள் மும்மூன்றாய் வரிசை கட்டி நிற்க, அவற்றை ஒட்டி நுண்ணிய துளைகள் காணப்படும். பன்றித் தோலில் மூன்று துளைகள் முக்கோணமாய்க் கூடியிருக்கும். அவை மறுபுறம் வரை ஊடுருவிச் செல்லும். ரெக்சினில் அழுத்திப் பதித்த போலி ரேகைகள் இருக்குமேயன்றி மயிர்க்கால் இராது. தோலை நுண்ணோக்கியால் இனங்காணும் முறைக்கென ஐ.எஸ்.ஓ. 17131 என்னும் பன்னாட்டுத் தரநிலையே வகுக்கப்பட்டுள்ளது.

மேற்பரப்பு மட்டும் போதாது. தோலின் குறுக்கே மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் உள்நார்களின் பின்னல் தெரியும். அந்நார்கள் நன்கு நிமிர்ந்து ஒன்றையொன்று பின்னி நின்றால் தோல் உறுதியாக இருக்கும். படுக்கையாகச் சாய்ந்து கிடந்தால் தளர்ந்துபோகும். சுண்ணாம்பு குறைந்திருந்தால் நார்க்கட்டுகள் விரியாமல் ஒட்டிக் கிடக்கும். மிகுந்திருந்தால் அளவுக்கு மேல் பிரிந்திருக்கும். உரித்த தோலுக்கு உப்பிடத் தாமதித்தால் மேற்பரப்பைக் கிருமிகள் அரித்திருப்பதும் தெரியும். மேற்பூச்சின் கனத்தையும் அளக்கலாம். அது 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெறுமனே தோல் என்று சொல்லி விற்க ஐரோப்பியத் தரநிலை இடம் தராது. ஒரு சரக்கு திரும்பி வரும்போது, பதனிட்டவர் கைப்பிழையா, உப்பிடாமல் காலம் தாழ்த்திய வணிகரின் பிழையா என்னும் வழக்கு எழும். முன்பெல்லாம் இவ்வழக்கில் பேச வாயில்லாதவன் மீதே பழி விழுந்தது. சீவலைப் பார்க்கத் தெரிந்தவன் அங்கே பேசலாம்.

தோலைப் பற்றிப் பேசும்போது, உரிக்கும் முன்னரே பார்க்க வேண்டிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அடைப்பான் என்று நம் மக்கள் அழைக்கும் ஆந்த்ராக்ஸ் நோயால் மாடு திடீரென்று மாய்வதுண்டு. அதனைத் தூக்கிச் செல்லவும் உரிக்கவும் நம் மக்களே ஏவப்பட்டனர். உரித்தவர் கையில் வலியில்லாத கரும்புண் தோன்றும், சிலர் மாண்டனர். அதை விதி என்றனர். அந்த விதியின் உருவத்தை 1876-இல் ஜெர்மனியின் சிற்றூர் மருத்துவராயிருந்த ராபர்ட் காக் நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். கோல் வடிவான கிருமி. ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலம். குருதியில் சங்கிலி போல் நிற்கும். உடலைத் திறந்து காற்றுப் பட்டால் அது கடினமான வித்துருக் கொள்ளும். அவ்வித்துக்கள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்த்திருக்கும். இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் கம்பளி மயிர் பிரித்த தொழிலாளர்களை வாட்டிய நோயும் இதுவே என்பது 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவப்பட்டது. அதன் பயனாய்ச் சட்டம் வந்தது. இறக்குமதியாகும் ஆபத்தான கம்பளியைக் கிருமி நீக்கம் செய்ய லிவர்பூலில் 1921-இல் அரசே ஒரு நிலையம் திறந்தது. எனவே நம் ஊர்களில் உள்ளோர்க்கு ஒன்று கூறுகின்றோம். காரணம் தெரியாமல் திடீரென்று மாடு இறந்து, மூக்கிலும் வாயிலும் உறையாத குருதி கசிந்தால், அதை எவரும் தொடவும் உரிக்கவும் கூடாது. கால்நடை மருத்துவரை அழையுங்கள். காதோர நரம்பிலிருந்து அவர் எடுக்கும் ஒரு துளிக் குருதியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் கண்டால், நீலக் கோல்களைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரியும். அத்துளியைப் பார்க்கும்வரை எவர் அதட்டினாலும் கத்தி எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து இரும்பு. இதுவரை கண்ட சீவல்களின் ஊடே ஒளி புகும். உலோகத்தின் ஊடே புகாது. ஆகவே உலோகவியல் நுண்ணோக்கியில் ஒளியை மேலிருந்து செலுத்தி, பொருளிற் பட்டுத் திரும்பும் ஒளியையே காண்கின்றோம். எஃகுக்குப் பெயர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தவரான ஹென்றி கிளிஃப்டன் சார்பி, 1863-இல் எஃகை மெருகேற்றி, அமிலத்தால் சிறிது அரித்து, இவ்வாறு கண்டார். ஒரே சீராகத் தோன்றும் எஃகு பல மணிகளால் ஆனது என்பது புலனாயிற்று. ஆலை உரிமையாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் அதுவே உலோகவியலின் அடிப்படையாயிற்று.

கோவை வட்டாரத்து வார்ப்படச் சாலைகளில் இன்று அன்றாடம் நடைபெறும் சோதனை இது. சாம்பல் வார்ப்பிரும்பில் கரி கருங்கீற்றுகளாகச் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு கீற்றின் நுனியும் ஒரு வெடிப்புக்குத் தொடக்கம். அதனால் அவ்விரும்பு தட்டினால் உடையும். உருகிய இரும்பில் சிறிது மக்னீசியம் சேர்த்தால் அக்கரி மிளகைக் கொட்டினாற் போல் உருண்டைகளாக மாறும். இரும்பு வளைந்து கொடுக்கும். இம்முறை 1940-களின் இறுதியில் தொழிலுக்கு வந்தது. ஆனால் மக்னீசியம் சேர்த்தபின் வார்க்கத் தாமதித்தால் அதன் ஆற்றல் மங்கும், உருண்டைகள் சிதையும். வெளியே பார்த்தால் இரு வார்ப்படங்களும் ஒன்றே. வண்டியின் பாகமாகிச் சாலையில் ஓடும்போதுதான் வேறுபாடு தெரியும். அதற்குமுன் தெரிய வேண்டுமாயின் 100 மடங்குப் பெருக்கத்தில் காண வேண்டும்.

இங்கே நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது, மாதிரியை ஆயத்தம் செய்யும் வேலை. வெட்டிய துண்டை முரட்டு எமரித் தாளில் தொடங்கி நயமான தாள் வரை படிப்படியாகத் தேய்க்க வேண்டும். தாள் மாறும்போதெல்லாம் துண்டைக் கால் வட்டம் திருப்பி, முந்திய கீறல் முற்றும் மறையும்வரை தேய்ப்பது முறை. பிறகு ஈரத் துணிச் சக்கரத்தில் அலுமினாத் தூள் கொண்டு கண்ணாடி போல் மெருகேற்றுவர். பின்னர் ஆல்கஹாலில் நூற்றுக்கு இரண்டு பங்கு நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டல் என்னும் நீர்மத்தில் சில நொடிகள் காட்டுவர். ஒரு நொடி கூடினால் கருகிவிடும். குறைந்தால் ஒன்றும் தெரியாது. பட்டம் பெற்ற பொறியாளர் பலருக்கு இது கைவராது. கைத்தொழில் பழகிய வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாதத்தில் வரும். உடலுழைப்பு தாழ்ந்தது, மூளையுழைப்பு உயர்ந்தது என்று பேசுவோர் ஒருமுறை இந்த மேசைக்கு வந்து பார்க்கட்டும்.

தளவிளைவு நுண்ணோக்கி என்பது மற்றொரு வகை. ஒளியின் அதிர்வுகளை ஒரே தளத்தில் மட்டும் செலுத்தி, அதனிடையே பொருளை வைத்துக் காண்பது. வில்லியம் நிக்கல் 1828-இல் செய்த பட்டகம் இதற்கு வழிவகுத்தது. படிகங்களும் இழைகளும் இதில் நிறம் காட்டும். சிமென்டு ஆலையில் கிளிங்கரை 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து இவ்வாறு காண்பர்; ஏலைட் படிகங்கள் கோணங்களோடும் பீலைட் படிகங்கள் உருண்டும் தோன்றும். சூளையில் வெப்பமும் அரைப்பும் சரியாயிருந்தனவா என்பதை அவற்றின் அளவும் அடர்த்தியும் சொல்லிவிடும். நூற்பாலையிலும் இதற்கு வேலையுண்டு. முதிர்ந்த பஞ்சு இழை மஞ்சளாகவும், முதிராத இழை நீலமாகவும் ஊதாவாகவும் தெரியுமாறு செய்யலாம். முதிராத இழை சாயத்தைச் சரியாகப் பற்றாது. துணியில் திட்டு விழும்.

இனி நாம் கூற வருவதைச் சற்று ஊன்றிக் கேட்க வேண்டுகின்றோம். கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் நம் வீட்டுக் கூரைகளில் தகடாக இருக்கின்றது. அதனை அரைத்தும் கலந்தும் அறுத்தும் வேலை செய்வோரின் நுரையீரலில் அதன் இழைகள் தங்கி, இருபது முதல் நாற்பது ஆண்டுகள் கழித்து நோயாகவும் புற்றாகவும் வெளிப்படுகின்றன. கண்ணில் படும் தூசியைவிடக் கண்ணில் படாத இழையே கொடியது. அதைக் காண உதவுவது கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி. நிறமற்ற மெல்லிய பொருள் சாதாரண நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியாது. அதனூடே செல்லும் ஒளி சிறிது பின்தங்குகின்றது என்பதே வேறுபாடு. அப்பின்னடைவை வெளிச்சமும் இருளுமாக மாற்றிக் காட்டும் வழியை ஹாலந்து அறிஞர் ஃபிரிட்ஸ் ஸெர்னிக்கே 1930-களின் தொடக்கத்தில் கண்டார். 1932-இல் அதனை யேனாவுக்கு எடுத்துச் சென்றபோது, பயனுள்ளதாயின் நாங்களே முன்னர்க் கண்டுபிடித்திருப்போமே என்னும் பொருள்பட அங்கிருந்த மூத்த அறிஞர் ஒருவர் கூறிவிட்டாராம். அப்பே வளர்த்த அதே இடத்தில்! 1953-இல் ஸெர்னிக்கே நோபல் பரிசு பெற்றார்.

தொழிலாளியின் சட்டைக் கழுத்தில் 25 மில்லிமீட்டர் வடிதாள் ஒன்றைப் பொருத்தி, சிறு பம்பினால் அவர் மூச்சுவிடும் இடத்துக் காற்றை அளவோடு இழுப்பர். அத்தாளை அசிட்டோன் ஆவியில் காட்டினால் கண்ணாடி போல் தெளிந்துவிடும். பிறகு ஏறத்தாழ 400 அல்லது 500 மடங்குப் பெருக்கத்தில், 100 மைக்ரான் விட்டமுள்ள வட்டத்துக்குள் விழும் இழைகளை எண்ணுவர். 5 மைக்ரானைவிட நீண்டதும், 3 மைக்ரானைவிடக் குறைந்த அகலமுடையதும், அகலத்தைப்போல் மும்மடங்குக்கு மேல் நீளமுடையதுமே இழை எனக் கணக்கில் சேரும். நூறு இழைகள் அல்லது நூறு வட்டங்கள் வரை எண்ணுவது முறை. எண்ணுபவர் சோம்பினால் கணக்குக் குறையும். கணக்குக் குறைந்தால் ஆலை தூயது என்று ஏட்டில் பதிவாகும். அந்த ஏட்டின் மறுபக்கத்தில் ஒரு மனிதனின் நுரையீரல் இருக்கின்றது.

நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1995 சனவரி 27-ஆம் நாள் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது அத்தீர்ப்பு. அரசியலமைப்பை இயற்றிய அண்ணலின் வழிவந்தோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கல்நார் ஆலைகள் மேற்சொன்ன வடிதாள் சோதனையைச் செய்ய வேண்டும் என்றும், தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைப் பணியில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகள் அல்லது பணி நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. அத்தகைய ஆலையில் வேலை செய்யும் நம் உறவினர், 'எங்கள் காற்றை எப்போது எண்ணினீர்கள், எத்தனை இழை?' என்று கேட்க வேண்டும். கேட்பதற்குச் சொல் தெரிந்திருக்க வேண்டும். கட்ட வேறுபாடு, வடிதாள், இழை எண்ணிக்கை ஆகிய மூன்று சொற்களே போதும்.

ஒளி நுண்ணோக்கிக்கும் எட்டாத மெல்லிய இழைகள் உண்டு. அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கி வருகின்றது. ஒளிக்கு மாற்றாக எலக்ட்ரான் கற்றையையும், கண்ணாடிக்கு மாற்றாகக் காந்தப் புலத்தையும் கொண்ட இக்கருவியை எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931-இல் பெர்லினில் அமைத்தனர். பொருளை ஊடுருவிக் காண்பது ஒரு வகை. மேற்பரப்பின்மீது கற்றையை வரிவரியாகச் செலுத்திக் காண்பது ஸ்கேனிங் என்னும் மற்றொரு வகை. பின்னது 1965-இல் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து விற்பனைக்கு வந்தது. உடைந்த அச்சாணியின் உடைவாயை அதில் வைத்தால், ஒரே அடியில் முறிந்ததா, நாள்பட அசைந்து அசைந்து நைந்து முறிந்ததா என்று தெரியும். விபத்து வழக்குகளில் இது பெரிய சான்று. கணினிச் சில்லுகளின் கோடுகளை அளப்பதும் இவ்வகைக் கருவிதான். இவற்றுக்கும் அப்பால், ஒரு கூர்முனையால் அணுக்களைத் தடவி அறியும் கருவிகள் 1980-களில் தோன்றின. 1986-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ருஸ்காவுக்கும், அத்தகைய முனைக் கருவியை முதலில் அமைத்த பின்னிக், ரோரர் இருவர்க்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. அவை விலைமிக்கவை, பெரிய ஆய்வகங்களில் காணலாம். இன்று நாம் விரிக்கவில்லை.

எங்கே கற்பது என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இயங்கி வருகின்றது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி அதனோடு இணைந்து தோல் தொழில்நுட்பப் பட்டப் படிப்பை நடத்துகின்றது. உலோகவியலுக்குத் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகமும் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. அவ்வளவு படிக்க வாய்ப்பில்லாதவர், ஆலையில் ஏற்கெனவே வேலை செய்பவராயின், தரக் கட்டுப்பாட்டு அறைக்கு உதவியாளராக மாற்றம் கேளுங்கள். 'உங்களுக்கு எதற்கு அந்த வேலை?' என்று கேட்பவர் இருப்பர். மெருகேற்றிய துண்டைக் காட்டுங்கள். தோல் தொழிலையே விட்டு விலக விரும்பும் பிள்ளைகளையும் நாம் தடுக்கவில்லை. அது அவர்கள் உரிமை. ஆனால் அத்தொழிலில் இருக்கும்வரை குழியருகே மட்டும் நிற்க வேண்டும் என்று எச்சட்டமும் சொல்லவில்லை.

நம் மாலைப் பள்ளிகளுக்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் பணியாற்றும் இந்திய அறிஞர் மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஃபோல்டுஸ்கோப், தாளை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. லீவன்ஹூக்கின் ஒற்றை வில்லைதான் அதிலும். 140 மடங்கு பெருக்கிக் காட்டும். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்து அறையில் இரண்டு கருவிகளை மேசைமீது வைத்திருக்கின்றோம். ஸ்டீரியோ நுண்ணோக்கியின்கீழ் மாட்டுத் தோல், வெள்ளாட்டுத் தோல், ரெக்சின் ஆகிய மூன்று துண்டுகள் பெயரெழுதாமல் வைக்கப்பட்டுள்ளன. எது எதுவென்று நீங்களே சொல்லுங்கள். கூட்டு நுண்ணோக்கியில் பஞ்சு இழை இருக்கின்றது. சிறுவர்கள் முதலில் வரட்டும். பெரியோர் பின்னர் வரலாம். ஒரு வேண்டுகோள்: குறைந்த பெருக்கமுள்ள வில்லையில் தொடங்குங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தபடி, வில்லை கண்ணாடித் தகட்டைத் தொடாத அளவுக்கு முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கண்ணை வைத்து, பெரிய திருகை மேல்நோக்கி மட்டும் மெல்லத் திருப்புங்கள். உருவம் தோன்றியதும் சிறிய திருகால் தெளிவாக்கிக்கொள்ளலாம்.